முடிவு இன்னும் வலுவாக வேண்டும்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் ஆசிரியர் அறைக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலித்தது. "அடுத்த வருஷம் பாக்கலாம் சார்" என்பார். அவருடைய அடுத்த வருஷம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை. கடைசியில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துதான் நான் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பெயின்ட் கடைக்கு எதற்காகப் போன் செய்தீர்கள்? நல்ல கேள்வி. சுற்றி வளைக்கவில்லை, தேவையில்லாத ஒரு சொல் இல்லை. பதிலையும் அப்படியே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் முன்னுரை இல்லாத பதிலுக்கு நான் இதுவரை யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. எனக்கு மட்டும் சலுகை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்காது. எழுதுகிற காவலர் தம்பி அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால் போதும். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்துக்கு இலக்கியமும் கட்டுரையும் என்று பெயர். காலையில் இலக்கியம். செத்துப்போனவர்கள் எழுதியதை உயிரோடு இருக்கிற பிள்ளைகள் தூங்கிக்கொண்டே கேட்பார்கள். மத்தியானம் கட்டுரை. உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எழுதியதை நான் செத்துக்கொண்டே படிப்பேன். என் லட்சியம், மரங்களின் பயன், கைப்பேசி நன்மையா தீமையா. எல்லாமே 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கி 'ஆகவே நாம் அனைவரும்' என்று முடியும். நடுவில் யாராவது சமையல் குறிப்பை எழுதி வைத்தாலும் தேர்வு வாரியத்துக்குத் தெரியப்போவதில்லை. முன்னுரை உண்டா, பத்தி பிரித்திருக்கிறதா, முடிவுரை உண்டா, அவ்வளவுதான். பிள்ளைகள் எனக்குச் சிவப்பு மை என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். வாத்தியார் முதுகுக்குக் காது உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. நீல மை, கறுப்பு மை என்று வைக்காமல் விட்டார்களே.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நான் நடத்துவது ஒரே பாடம்தான். 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். "ஒரு கதையில 'நான்'னு வந்தா அது எழுதினவர் இல்ல. அவர் உண்டாக்கின ஆள். கொலைகாரன் 'நான்'னு பேசற கதைய எழுதினவர் கொலைகாரரா?" என்று கேட்பேன். "இல்ல சார்" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். இது தெரியாமல் இலக்கியம் படிக்கிறவன் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் தேடுகிற குழந்தை மாதிரி. தேர்விலும் இதைக் கேட்பார்கள். இதை நான் சொல்லிக்கொடுத்து எந்தப் பிள்ளையும் தப்பாக எழுதியதில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவாள். அதனால் அவளுக்குக் கமா என்று பெயர் வைத்தேன். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அந்த மூச்சிரைப்பு பெயின்ட் கலக்கிற தின்னர் வாசனையால் வந்தது என்று உங்கள் அரசு டாக்டர் அறிக்கையில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். முன்பே தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன்.

அப்பா அம்மா இல்லாத பெண். பெரியப்பா வீட்டில் வளர்ந்தாள். பெயின்ட் கடைக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கீழே கடை, மேலே வீடு, கடைக்குப் பின்னால் சரக்கு அறை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இதெல்லாம் எனக்கு அவளுடைய கட்டுரை மூலமாகத்தான் தெரியும். அதாவது, கட்டுரையில் வந்த 'நான்' மூலமாக.

'எங்கள் வீட்டில் ஓர் அறை' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் சமையலறையை எழுதினார்கள். பக்கத்துக்குப் பக்கம் அம்மாவின் அன்பு கொதித்துப் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. கமா மட்டும் ஜன்னல் இல்லாத ஒரு அறையை எழுதியிருந்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் அந்தப் பெண் உள்ளே, கோபம் தணிந்தால் வெளியே. தின்னர் வாசனை தலைக்குள் ஏறிக் கண்ணைச் செருகும்போது, தூங்கிவிடக் கூடாது என்று அவள் டின்களில் இருக்கும் நிறங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடல் நீலம். செங்கல் சிவப்பு. வெண்ணெய் மஞ்சள். கடைசி வரி மட்டும் ஒரு கேள்வி: இதைப் படிக்கிறவர் வந்து கதவைத் தட்டுவாரா?

அதை நான் நின்றுகொண்டே படித்து முடித்தேன், மேடம். எத்தனையோ வருடமாகக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிக்கு மாணிக்கக் கல் கிடைத்தால் எப்படி இருக்கும்? உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். சந்தோஷத்தில்தான்.

ஏனென்றால் பள்ளிகளுக்கிடையே ஒரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டி உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிதான் வருடா வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். அவர்களுடைய ஆங்கில ஆசிரியர் வெயில் காலத்திலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வருவார். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கும்போது என் தோளைத் தட்டி, "உங்க பசங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க சார்" என்பார். அந்தத் தட்டு வீட்டுக்கு வந்த பிறகும் தோளில் இருக்கும். நானும் ஒரு காலத்தில் எழுதிப் பார்த்தவன்தான். பத்திரிகைக்காரர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதைப் பற்றி இங்கே வேண்டாம், கேள்விக்கு வெளியே போகிறேன்.

அவளுடைய கட்டுரையின் கீழே சிவப்பு மையில் எழுதினேன். மிக நன்று. வாசனை இன்னும் உணரப்பட வேண்டும். வாசகரிடம் நேரடியாகப் பேசாதே. முடிவு இன்னும் வலுவாக வேண்டும்.

மறுநாள் அவள் தாளை எடுத்துக்கொண்டு மேஜை அருகே வந்து நின்றாள்.

"சார், இது, கதை இல்ல சார்."

"கட்டுரைதான். நான் கதைன்னு சொன்னேனா?"

"இல்ல சார். அதுல வர்ற நான், நான்தான் சார்."

"முதல் வகுப்புல நடத்தினது மறந்துபோச்சா?"

"மறக்கல சார்" என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல மாணவி. எதிர்த்துப் பேசுகிற பழக்கம் இல்லை.

அடுத்து எழுதிக் கொண்டுவந்தது முந்தையதைவிடச் சிறப்பாக இருந்தது. அதற்கடுத்தது அதையும்விட. பெரியப்பாவுக்குக் கோபம் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் அவள் மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. கதவைத் தட்டித் தட்டி வந்ததாக இருக்கும். நான் பார்க்காமல் விடவில்லை, மேடம். கவனிக்காதவன் என்று மட்டும் என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். 'கையின் விவரத்தையும் சேர்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். சேர்த்திருந்தாள், அபாரமாக வந்திருந்தது.

பள்ளியில் மாணவர் ஆலோசகர் என்று ஒரு சின்ன வயசு அம்மா இருக்கிறார். உங்களிடம் வந்து புகார் கொடுத்திருப்பவரும் அவர்தான். பிள்ளைக்குத் தலைவலி என்றாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவருக்கு. என் மேஜையில் இருந்த ஒரு பிரதியைப் படித்துவிட்டு, "சார், இது கற்பனை மாதிரி தெரியலையே, நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பாக்கவா?" என்றார். "மேடம், கற்பனை மாதிரி தெரியாம இருக்கணும்னுதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்க போய் நின்னீங்கன்னா அந்தக் குடும்பத்துக்கு அவமானம், பொண்ணுக்கு மனசு ஒடிஞ்சுபோயிரும்" என்றேன். "உங்களுக்கு அவளத் தெரியும், எனக்குத் தெரியாது" என்று போய்விட்டார். மனசில்லாமல்தான் போனார். ஆனால் போனாரே.

பிறகு அந்தப் பெண்ணின் சித்தி வந்தாள். அம்மாவுடைய தங்கை, வெளியூரில் நர்ஸ் வேலை. அக்காள் மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள். தலைமையாசிரியர் எந்தப் பொறுப்பையும் சூடு ஆறுவதற்குள் கைமாற்றிவிடுகிற மனிதர், என்னிடம் அனுப்பிவிட்டார். நான் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னேன். நடு வருஷத்தில் பள்ளி மாற்றினால் படிப்பு கெட்டுவிடும். ஒரு பெரிய போட்டி வருகிறது, அதில் ஜெயித்தால் கல்லூரிக் கதவெல்லாம் திறக்கும். அதுவரைக்கும் பொறுங்கள்.

"அவ கண்ணப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சார்" என்றாள்.

"பதினாறு வயசுல எல்லாக் கண்ணும் அப்படித்தாம்மா இருக்கும்."

"நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க அவளப் பாத்துக்குவீங்கல்ல சார்?"

"பாத்துக்கிறேம்மா" என்றேன்.

ஆனால் சித்திக்காரி லேசுப்பட்டவள் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. போகிற வழியில் பெயின்ட் கடைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். இனி அந்தப் பிள்ளை மேல் கை வைத்தால் நேராக இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். ஊரில் பெரிய மனுஷன் என்ற பெயர் போய்விடுமே என்று அவர் பயந்துவிட்டார். அறையைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பமானது.

அந்த வெள்ளிக்கிழமை காலை கமா கடைசிப் பிரதியைக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை போட்டிக்கு அனுப்ப வேண்டும். படித்தேன். முக்கால்வாசி பழையதுதான், நன்றாகவே இருந்தது. முடிவை மட்டும் மாற்றியிருந்தாள். கதவு திறக்கிறது. காற்று வருகிறது. அந்தப் பெண் ஒரு டின்னைத் திறந்து கதவுக்கு வெண்ணெய் மஞ்சள் அடிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். மறைக்காமல் சொல்கிறேன். வாழ்த்து அட்டையில் எழுதுகிற மாதிரி ஒரு முடிவு. கழுத்துத் துணிக்காரர் என் தோளைத் தட்டுவது எனக்கு அப்போதே உறைத்தது.

"என்னம்மா இது?"

"இப்ப அப்படித்தான் சார் இருக்கு கதவு திறந்துதான் சார் இருக்கு சித்தி வந்துட்டுப் போனதுலேர்ந்து பெரியப்பா என்னை ஒண்ணும் சொல்றதில்ல சார்." ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் ஒரு கமா இல்லை.

"சந்தோஷம். ஆனா கட்டுரைக்கு அது சரிவராது. பழைய மாதிரி எழுது. கதவு திறக்கவே கூடாது."

"முயற்சி பண்ணேன் சார். வரல. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறந்துட்டே வருது சார்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மறந்துபோனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவுதான் முன்னுரை. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் பெயின்ட் கடைக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் பெரிசா இல்லைங்க, உங்க காதுல போட்டுவைக்கலாம்னுதான். பொண்ணுக்குப் படிப்புல கவனம் இல்ல. ஒரு பையனோட அடிக்கடி பேசிக்கிட்டு நிக்கறா. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க. பயப்படாதீங்க, இதெல்லாம் வெளிய போகாது, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சித்திக்குப் பயந்து கிடந்த மனிதருக்குப் பள்ளிக்கூடம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை நீளும். "நல்ல வேளை சொன்னீங்க சார். அடியாத மாடு படியாது. இனிமே பாருங்க" என்றார்.

அப்படி ஒரு பையனே கிடையாது. நீங்கள் வகுப்பில் எல்லாப் பையன்களையும் விசாரித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், பாவம், பயந்துபோயிருக்கிறார்கள். ஒரு கதாபாத்திரம் தேவைப்பட்டது, உண்டாக்கினேன்.

என் கணக்கு இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டுவார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிடுவார். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும். சனி, ஞாயிறு உட்கார்ந்து எழுதுவாள். திங்கட்கிழமை கொண்டுவருவாள். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். பூட்டுவார் என்று தெரியும். பூட்ட வேண்டும் என்பதற்காகத்தான் போனை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. தம்பி, இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், முக்கியமான கருத்து.

அந்த மனிதர் சனிக்கிழமை காலையில் ஒரு சாவுக்கு வெளியூர் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் பாட்டிலை மட்டும் வைத்துப் பூட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் புத்தி வரட்டும் என்று போயிருக்கிறார். புதிதாக வந்து இறங்கிய தின்னரில் ஒரு டின்னின் மூடி சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் கதவோரத்தில் கிடந்தாள். நிறங்களின் பெயர்கள் தீர்ந்துபோயிருக்கும். கடையில் அவ்வளவு வகை இருந்தும் போதவில்லை.

திங்கட்கிழமை காலை வணக்கத்தில் மௌன அஞ்சலி. தலைமையாசிரியர், "தவறுதலாக நடந்த விபத்து" என்றார். பெரியப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். ஆலோசகர் அம்மா தேம்பித் தேம்பி அழுதார். நான் ஆசிரியர் அறைக்குப் போய், என் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கடைசிப் பிரதியை எடுத்தேன். கதவு திறக்கிற பத்தியைச் சிவப்பு மையால் அடித்தேன். அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அவள் நிறங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கட்டுரை முடிந்துவிடுகிறது. இவ்வளவு நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். தட்டச்சு செய்து அன்றைக்கே அனுப்பிவிட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நீங்கள் நினைக்கலாம். அனுப்பாமல் விட்டிருந்தால் அந்தப் பெண் பட்ட பாடெல்லாம் வீணாகப் போயிருக்குமே, மேடம்.

முதல் பரிசு கிடைத்தது. 'கதவைத் திறக்காமலே முடித்த துணிச்சல்' என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். கழுத்துத் துணிக்காரர் கை மட்டும் கொடுத்தார், தோளைத் தட்டவில்லை. தலைமையாசிரியர் கோப்பையைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். நாற்காலி அடுத்த வருஷம்.

பரிசு பெற்ற கட்டுரையைப் பள்ளி மலரில் அச்சிட்டார்கள். அங்கேதான் வினை வந்தது. அதைப் படித்த ஆலோசகர் அம்மா சித்திக்குப் போன் செய்து, இரண்டு பேருமாக உங்களிடம் வந்துவிட்டார்கள். நீங்களும் கடைக்காரரின் போனைத் தோண்டி என் எண்ணைக் கண்டுபிடித்தீர்கள். "வாத்தியார் சொல்லித்தான் பூட்டினேன்" என்று அவர் பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். வாக்கியமும் பிழையில்லாமல் இருக்கிறது.

நடுவில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லாமல் தாண்டிவிட்டேன். "அந்தப் பொண்ணோட பேர் என்ன சார்?" என்றீர்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவள் கமாதான். உங்கள் தேநீர் ஆறிப்போயிற்று, மேடம். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் தொடவே இல்லை.

முடித்துவிட்டேன். தம்பி எழுதியதைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். சிவப்புப் பேனா இல்லையா? பரவாயில்லை, நீலமே போதும். கையெழுத்து சுமார், ஆனால் எதையும் விடாமல் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு திருத்தம். 'நான் தெரிந்தேதான் செய்தேன்', 'பூட்ட வேண்டும் என்றுதான் நான் போனை எடுத்தேன்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த ஆள் கொடியவன்தான், படிக்கும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறான். ஆனால் நீங்கள் சட்டம் படித்தவர், இலக்கியம் படிக்கவில்லை, அதனால் தலைப்பிலேயே ஒரு குறிப்பு எழுதிவிட்டால் நல்லது: இதில் வருகிற 'நான்', நான் இல்லை.